தம்பிக்குக் கிட்னி தர நான் தயார், லீவு தரக் கடைதான் தயாரில்லை

கேள்வி: குன்னூரில் ஒரு ஜவுளிக்கடையில் ஒன்பது வருடமாக விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் 15,000 ரூபாய். ஈஎஸ்ஐ, பிஎஃப் பிடிக்கிறார்கள். என் தம்பி பிக்கப் வண்டி ஓட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட், உருளை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தான். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி இப்போது வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்று கோவையில் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை. அண்ணனுக்கும் எனக்கும் ரத்த வகை சேருகிறது. அண்ணன் அஞ்சல் துறையில் எழுத்தர். அவருக்கு 42 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு, அதனால் அவரே தரட்டும் என்கிறார்கள் வீட்டில். ஆனால் அவருக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, யோசிக்க வேண்டும் என்கிறார் டாக்டர். எனக்கு இதுவரை எடுத்த பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது. கடையில் கேட்டேன். "உடம்பு சரியில்லாமல் போனால் லீவு. நீயாகப் போய் ஆபரேஷன் செய்துகொள்வதற்கு எப்படி லீவு தர முடியும்? ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்கிறேன்" என்கிறார் முதலாளி. போகிற சம்பளத்தை நான் தந்துவிடுகிறேன் என்று அண்ணன் சொன்னார். கிட்னிக்குக் காசு வாங்கினால் ஜெயில் என்று ஒரு சொந்தக்காரர் பயமுறுத்துகிறார். நான் என்ன செய்வது? என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி ஸ்டெம் செல் தானத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். கூப்பிட்டால் லீவு கிடைக்குமா என்று அவளும் கேட்கச் சொன்னாள்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் ஒன்று. ராஜினாமாக் கடிதம் எதுவும் எழுதிக் கொடுக்காதீர்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டாலும் போடாதீர்கள். "திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்கிறேன்" என்பது வாய் வார்த்தை. உங்கள் முதலாளி நல்ல மனதோடுகூட அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கையெழுத்துப் போட்ட அன்றோடு உங்கள் ஒன்பது வருட சர்வீஸ் முடிந்துவிடும். மறுபடி சேர்ந்தால் நீங்கள் புது ஆள். பணிக்கொடைக் கணக்கு முதலிலிருந்து ஓடும். சம்பளத்தோடு கூடிய வருடாந்தர விடுப்புக்கு இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 உங்களுக்குப் பொருந்தும். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை, தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது என்கிறது அந்தச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு. தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்ததைத் தகுந்த காரணம் என்று எந்த அதிகாரி முன்னாலும் சொல்லி நிற்க முடியாது. நீங்களே எழுதிக் கொடுத்தால் மட்டும்தான் அந்தப் பாதுகாப்பு போகும்.

அடுத்து அண்ணனின் 42 நாள். அது உண்மை. மத்திய அரசின் பணியாளர் துறை 2023 ஏப்ரல் 25-இல் போட்ட உத்தரவு அது. உயிரோடு இருக்கும்போதே உறுப்பு தானம் செய்யும் மத்திய அரசு ஊழியருக்கு, எந்த வகை அறுவைச் சிகிச்சையாக இருந்தாலும், அதிகபட்சம் 42 நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு. பொதுவாக மருத்துவமனையில் சேரும் நாளிலிருந்து ஒரே தொடர்ச்சியாக எடுக்க வேண்டும். டாக்டர் பரிந்துரைத்தால் அறுவைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே எடுக்கலாம். சொந்த விடுப்பில் ஒரு நாள்கூடக் குறையாது. நல்ல உத்தரவு. ஆனால் அது மத்திய அரசு ஊழியர் என்ற வட்டத்தோடு நின்றுவிடுகிறது. தனியார் கடைக்கோ ஹோட்டலுக்கோ பள்ளிக்கோ அது வராது. உறுப்பு மாற்றத்தை முறைப்படுத்தும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் யார் தரலாம், யார் சம்மதிக்க வேண்டும், விற்றால் என்ன தண்டனை என்றெல்லாம் விரிவாகப் பேசுகிறது. தந்தவர் வேலைக்குப் போகாத நாட்களுக்கு என்ன வழி என்று முதலாளிக்கு ஒரு கடமையும் அதில் வைக்கவில்லை. இது பெரிய குறை. தபால் நிலையத்தில் இருப்பவருக்கும் ஜவுளிக்கடையில் இருப்பவருக்கும் தையல் ஆறுவதற்கு ஒரே காலம்தான் ஆகிறது.

இப்போது உங்கள் வீட்டுப் பேச்சுக்கு வருகிறேன். லீவு இருக்கிறவர் கொடுக்கட்டும் என்பது கேட்க நியாயமாகத் தெரியும். தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள். விடுப்பு ஒன்றரை மாதத்துச் சமாசாரம். தந்தவர் மிச்சமிருக்கும் ஒரு சிறுநீரகத்தோடு ஆயுள் முழுக்க வாழ வேண்டும். ரத்த அழுத்தம் ஏறியிருக்கும் ஒருவர், 42 நாள் லீவு இருக்கிறது என்பதற்காக அந்தப் படுக்கையில் படுக்கக் கூடாது. யார் தருவது என்பதை மருத்துவக் குழு உடம்பைப் பார்த்துச் சொல்லட்டும். அதற்குப் பிறகு லீவுக்கு வழி தேடுவோம். வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் உங்களிடம் மட்டும் ஒரு கேள்வி. இது உங்கள் மனதிலிருந்து வந்த முடிவுதானே? நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போது உறுப்பு தருகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், பெறுகிறவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். இதைத் தெரிந்துதான் 2014-ஆம் ஆண்டு விதிகள், தருபவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், அவருடைய சுயமான சம்மதத்தை உறுப்பைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதி செய்ய வேண்டும் என்று சொல்கின்றன. மருத்துவமனையில் உங்களைத் தனியாக உட்காரவைத்துக் கேட்கும்போது மனதில் இருப்பதைச் சொல்லுங்கள். தயக்கம் இருந்தால் அறுவை நாள் காலைகூடப் பின்வாங்கலாம். உங்கள் கடிதத்தைப் படித்தால் மனதாரத்தான் முன்வந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அப்படியே இருக்கட்டும். இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும்.

சரி, லீவு. "நீயாகப் போய் ஆபரேஷன் செய்துகொண்டால் அது நோய் இல்லை" என்கிறார் முதலாளி. இந்த வாதத்தை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது சரி போலவே இருக்கும். ஆனால் ஈஎஸ்ஐ சட்டம் நோய் என்பதற்கு என்ன விளக்கம் தருகிறது என்று பாருங்கள். மருத்துவச் சிகிச்சையும் கவனிப்பும் தேவைப்படுகிற, மருத்துவக் காரணத்தால் வேலைக்குப் போக முடியாமல் செய்கிற ஒரு நிலை, அவ்வளவுதான். அந்த நிலை எப்படி வந்தது, தானாக வந்ததா, நீங்களாக ஏற்றுக்கொண்டதா என்று அந்த வரி கேட்கவில்லை. விலாவில் தையலோடு படுத்திருப்பவருக்குச் சிகிச்சை வேண்டும், வேலைக்குப் போகவும் முடியாது. இரண்டும் பொருந்துகின்றன. 2025 நவம்பர் 21 முதல் பழைய ஈஎஸ்ஐ சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020 வந்திருக்கிறது. நோய்க்கு அதுவும் இதே விளக்கத்தைத்தான் தருகிறது. அதனால் உங்கள் அடித்தளம் ஈஎஸ்ஐ நோய்க்கால உதவி. கடைக்காரர் மனம் வைத்துத் தருவதல்ல, மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் பிடித்த பணத்தால் வருவது.

அதன் கணக்கு இப்படி. சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் அதிகபட்சம் 91 நாள். அதற்கான ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் வேலை பார்த்திருப்பதால் உங்களுக்கு அது சிக்கலாக இருக்காது. முதல் இரண்டு நாள் காத்திருப்பு, அதற்குப் பணம் வராது.

இதோடு கடைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை. எடுக்காமல் விட்டால் 24 நாள் வரை சேரும். அது போக நோய்க்கு 12 நாள், வேறு நியாயமான எந்தக் காரணத்துக்கும் 12 நாள். ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஈஎஸ்ஐ தருகிற அதே உதவியை இன்னொரு சட்டத்தின் கீழும் பெற முடியாது. ஆகவே நோய்க்கான அந்த 12 நாளைக் கேட்டு மல்லுக்கட்ட வேண்டாம், அந்த இடத்தில் ஈஎஸ்ஐ இருக்கிறது. சம்பளத்தோடு லீவில் இருக்கும் நாளுக்கு ஈஎஸ்ஐ பணமும் வராது. எந்த நாள் எந்தக் கணக்கில் என்று முன்பே பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

நான் இப்படிப் பிரிப்பேன். கோவைக்குப் பரிசோதனைக்கு இறங்கும் நாட்கள், சம்மதம் கேட்கக் கூப்பிடும் நாள் இவற்றுக்கெல்லாம் "நியாயமான காரணம்" என்ற 12 நாளிலிருந்து எடுங்கள். மலை இறங்கி ஏறினாலே ஒரு நாள் போய்விடும். மருத்துவமனையில் சேரும் நாளிலிருந்து வருடாந்தர விடுமுறை 12 நாள், முழுச் சம்பளம். அதன் பிறகு 30 நாள் ஈஎஸ்ஐ. கூட்டினால் அண்ணனுக்குக் கிடைக்கிற அதே 42 நாள் வருகிறது. அந்த 30 நாளில் உங்களுக்குக் குறையும் பணம் சுமார் 4,500 ரூபாய். காத்திருப்பு நாள் இரண்டையும் சேர்த்தால் 5,200. சேர்ந்த விடுமுறை அதற்கு மேல் இருந்தால் இந்த இழப்பு இன்னும் குறையும். டாக்டர் இன்னும் சில வாரம் ஓய்வு சொன்னாலும் 91 நாள் வரை இடம் இருக்கிறது.

ஈஎஸ்ஐ பணத்துக்குச் சான்றிதழ்தான் உயிர். உங்கள் ஈஎஸ்ஐ பதிவில் எந்த மருந்தகம் குறித்திருக்கிறதோ அங்கே அறுவைக்கு முன்பே ஒரு நடை போய், இன்ன தேதியில் இன்ன அறுவை என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கோவை மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தை எந்த வடிவத்தில் கேட்பார்கள், யார் கொண்டுவந்து கொடுக்கலாம், சான்றிதழை எத்தனை நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தேதிகளுக்கு நடுவே ஒரு நாள் விட்டுப்போனாலும் அந்த நாளுக்குப் பணம் நிற்கும். ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும்போது இதற்காக அலைய முடியாது.

விண்ணப்பத்தை இப்படி எழுதுங்கள்: "என் உடன்பிறந்த தம்பிக்குச் சிறுநீரக தானம் செய்ய இன்ன தேதியில் மருத்துவமனையில் சேர இருக்கிறேன். அன்று முதல் 12 நாள் எனக்குச் சேர வேண்டிய சம்பள விடுமுறையையும், தொடர்ந்து மருத்துவர் சான்றின்படி ஈஎஸ்ஐ நோய்க்கால விடுப்பையும் அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் வேலையை விட்டு விலகவில்லை. மருத்துவர் தகுதிச் சான்று தந்ததும் பணிக்குத் திரும்புவேன்." கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். நகலில் கடை முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் ஒப்புகையோடு அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

விண்ணப்பம் கொடுக்கும் முன் முதலாளியிடம் ஒரு முறை உட்கார்ந்து பேசிப் பாருங்கள். இது திடீரென்று வருகிற நோய் இல்லை, நாள் குறித்துச் செய்கிற அறுவை. அது உங்கள் கையில் இருக்கும் பலம். தம்பியின் உடல்நிலை அனுமதித்தால், தீபாவளி நெரிசலும் ஏப்ரல், மே சீசனும் தாண்டிய நாளாகப் பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு, அந்தத் தேதியோடு முதலாளியிடம் போங்கள். ஈஎஸ்ஐ நாட்களுக்கு அவர் கையிலிருந்து சம்பளம் போகாது என்பதையும் சொல்லுங்கள். பல கடைக்காரர்களுக்கு அது தெரிவதில்லை. தெரிந்ததும் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். அப்படியும் மறுத்தால் நம் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். வக்கீல் வைக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஜெயில் என்று பயமுறுத்தியவர் சொன்னதில் பாதி சரி. உறுப்பை விற்பதும் வாங்குவதும் கடுமையான குற்றம். 5 முதல் 10 வருடம் சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம். ஆனால் அதே சட்டம் "பணம் கொடுத்தல்" என்றால் என்ன என்று விளக்கும் இடத்திலேயே ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. உறுப்பு தந்ததால் தந்தவருக்கு நேரடியாக ஏற்பட்ட நியாயமான செலவையும் வருமான இழப்பையும் ஈடுகட்டுவது அந்த வரையறைக்குள் வராது. ஆகவே குறைந்துபோன சம்பளத்தையும், கோவைக்குப் போய்வந்த செலவையும், அங்கே தங்கிய வாடகையையும் அண்ணன் தாராளமாகத் தரலாம். சம்பளச் சீட்டு, ஈஎஸ்ஐயில் வந்த தொகை, ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். பணத்தை வங்கி வழியாகவே அனுப்பச் சொல்லுங்கள். "சந்தோஷத்துக்கு" என்று அதற்கு மேல் நகையோ ரொக்கமோ வேண்டாம். பாசத்தில் செய்கிறதுதான், ஆனாலும் பின்னால் கேள்வி வந்தால் விளக்குவது கஷ்டம். உடன்பிறந்தவர் நெருங்கிய உறவினர் பட்டியலில் வருவதால், உறவுக்கான சான்றுகள் சரியாக இருந்தால் அனுமதியில் பெரிய சிக்கல் வராது.

திரும்பி வேலைக்கு வந்த பிறகான நாட்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான்கு முதல் ஆறு வாரத்தில் இலகுவான வேலைக்குத் திரும்பலாம் என்பார்கள். கனமானதைத் தூக்குவதற்கு அதற்கு மேலும் ஆகும். ஜவுளிக்கடையில் இலகுவான வேலை எங்கே இருக்கிறது? கம்பளிக் கட்டை மேல் அடுக்கிலிருந்து இறக்க வேண்டும், வாடிக்கையாளர் முன் நாள் முழுக்க நிற்க வேண்டும். தகுதிச் சான்றில் "இத்தனை வாரத்துக்குப் பளு தூக்கக் கூடாது" என்று டாக்டரை எழுதித் தரச் சொல்லுங்கள். பில் போடும் இடத்தில் கொஞ்ச நாள் உட்காரவைக்கக் கேளுங்கள். உட்காருவதற்குச் சட்டமே இருக்கிறது. 2021-இல் தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தைத் திருத்தி, எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வசதி தர வேண்டும், வேலை நேரம் முழுக்க நிற்கவைக்கக் கூடாது என்று கொண்டுவந்தார்கள். வீட்டாரிடமும் ஒன்று சொல்லிவிடுங்கள். கடையில்தான் லீவு, வீட்டில் இருக்கிறாள்தானே என்று தண்ணீர்க் குடத்தையும் சிலிண்டரையும் உங்கள் பக்கம் தள்ளிவிடக் கூடாது. மேட்டில் வீடு இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். முடிந்தால் முதல் பரிசோதனை முடியும்வரை கோவையிலேயே உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள். தையலோடு மலைப்பாதை வளைவுகளில் பஸ் பயணம் வேண்டாம்.

இதைப் படிக்கும் தேயிலைத் தொழிற்சாலைப் பணியாளர்களுக்கு ஒரு குறிப்பு. மேலே சொன்ன ஈஎஸ்ஐ வழி உங்களில் பலருக்கு இல்லை. தேயிலை தயாரிப்பைச் சட்டம் பருவகாலத் தொழிற்சாலை என்ற பட்டியலில் வைத்து ஈஎஸ்ஐக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. நம் மலையில் ஃபேக்டரி வருடம் முழுக்க ஓடுகிறது என்பது அந்தப் பட்டியலுக்குத் தெரியவில்லை. வேலை செய்த 20 நாளுக்கு ஒரு நாள் என்று சேரும் சம்பள விடுப்புதான் உங்களுக்கு முதல் கை. அதற்கு மேல் நிர்வாகத்தோடும் சங்கத்தின் மூலமாகவும் எழுத்தில் பேசி, சம்பளமில்லாத விடுப்பாக இருந்தாலும் சர்வீஸ் தொடர்ச்சி அறாமல் வாங்கிக்கொள்ளுங்கள். மத்திய அரசு 42 நாள் தருகிறது என்ற உத்தரவின் நகலை மனுவோடு இணையுங்கள். சங்கங்கள் அடுத்த ஒப்பந்தப் பேச்சில் இதை ஒரு கோரிக்கையாகவே வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியருக்கு உறுப்பு தானத்துக்கு 30 நாள், எலும்பு மஜ்ஜைக்கு 7 நாள் என்று தனித்தனியாகவே விடுப்பு இருக்கிறது. நாள் கணக்கில் நாம் அவர்களுக்கு மேலே இருக்கிறோம். அது எத்தனை பேருக்குப் போய்ச் சேருகிறது என்பதில்தான் பின்னால் நிற்கிறோம்.

உங்கள் தோழிக்கு: ஸ்டெம் செல் தானம் இவ்வளவு பெரிய காரியமில்லை. பெரும்பாலும் ஐந்து நாள் ஊசி, அப்புறம் ரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்தெடுக்கச் சில மணி நேரம். ஊசி போடும் நாட்களில் எலும்பு வலி, காய்ச்சல் போன்ற அசதி இருக்கலாம். இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜை எடுப்பதாக இருந்தால் மயக்க மருந்து கொடுப்பார்கள், ஓரிரு நாள் மருத்துவமனை, ஒன்றிரண்டு வாரம் நிதானம். இதற்கென்று தனி விடுப்பு அவருக்குக் கிடையாது. மத்திய அரசு உத்தரவுகூட உறுப்பு என்றுதான் சொல்கிறது. உடம்பு மறுபடி உண்டாக்கிக்கொள்ளும் மஜ்ஜை, சட்டத்தின் விளக்கப்படி உறுப்பு ஆகாது. ஆனால் கடைகள் சட்டத்தின் "நியாயமான காரணம்" 12 நாளே அவருக்குப் போதும். அதை வருட ஆரம்பத்திலேயே செலவழித்துவிடாமல் ஐந்தாறு நாளை மிச்சம் வைக்கச் சொல்லுங்கள். பதிவகத்திலிருந்து பொருத்தம் இருப்பதாக அழைப்பு வந்தால், தேதியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் தரச் சொல்லி வாங்கி, அதை இணைத்து விண்ணப்பிக்கட்டும். வரச் சம்மதித்துவிட்டுக் கடைசி நேரத்தில் லீவு இல்லை என்று நிற்பதுதான் ஆபத்து. நோயாளியின் பழைய மஜ்ஜையை அதற்குள் மருந்தால் அழித்திருப்பார்கள். அதனால் முதலாளியிடம் அனுமதி வாங்கிய பிறகே அவர் தேதிக்குச் சம்மதம் சொல்லட்டும்.